கவசம் தருவதும் கவசம் அணிவதும்

பேராக் மாநிலத்தின் தோட்ட வரலாறு நெடியது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பெற்ற ரப்பர்க் கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களுள் அடங்கும். அதன் பின்னர் சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை காடுகள் திருத்தப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் நம் முன்னோர். இன்று அவற்றுட் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. வேறு பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைகள் ஈப்போ நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் கல்லுடைப்பு நிலையங்களிலும் பணியாற்றுகின்றனர்.

தொழில் மாறினாலும் தொழிலோடு வரும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் கத்தியும் அமிலமும். செம்பனைத் தோட்டத்தில் அரிவாளும் மருந்தும். கல்லுடைப்பு நிலையத்தில் தூசியும் இரைச்சலும். இவற்றிலிருந்து உடலைக் காக்கத் தலைக்கவசம், கையுறை, காலணி, முகமூடி, காப்புக் கண்ணாடி முதலிய தற்காப்புச் சாதனங்கள் இருக்கின்றன என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் அவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. "நாங்கள் கொடுத்துவிட்டோம், அவர்கள்தாம் அணிவதில்லை" என்பது நிர்வாகத்தின் குரல். "கொடுத்தது கிழிந்துபோயிற்று, அளவும் சரியில்லை, இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எப்படி வேலை செய்வது?" என்பது தொழிலாளியின் குரல்.

இரு குரல்களிலும் உண்மை உண்டு. ஆனால் விபத்து நேர்ந்த பின்னர் இவ்வழக்கைப் பேசிப் பயனில்லை. ஆகவே, கவசத்தைப் பொறுத்தவரை யாருக்கு என்ன கடமை என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

சட்டம் வந்த வழி

இந்நாட்டில் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் நீராவிக் கொதிகலன்களையும் இயந்திரங்களையும் கண்காணிப்பதற்காகவே தொடக்கத்தில் இயற்றப்பட்டன. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டமும் அவ்வழி வந்ததே. தோட்டத்தில் இருந்த ஆலை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆலைக்கு வெளியே, மரத்தடியில் பால் எடுத்தவரும் வரிசை வரிசையாக நடந்து மருந்தடித்தவரும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இக்குறையைப் போக்கியது 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம். விவசாயமும் காட்டுத் தொழிலும் மீன்பிடித் தொழிலும் அச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. பாதுகாப்பு என்பது இன்ன இயந்திரத்துக்கு இன்ன வேலி என்று பட்டியலிடுவதோடு முடிவதன்று, ஆபத்தை உண்டாக்குவோரும் அதனோடு வேலை செய்வோரும் கூடிப் பொறுப்பேற்க வேண்டியது என்னும் கொள்கையே அதன் அடிப்படை. பிரிட்டனில் 1974இல் வந்த சட்டமும் இக்கொள்கையையே கொண்டிருந்தது. நம் நாட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தன. அதே நாளில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது.

முதலாளியின் கடமை

சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளியின் பொதுக் கடமையைக் கூறுகிறது. நடைமுறைக்கு இயன்ற அளவில் தொழிலாளர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் அவர் உறுதிசெய்தல் வேண்டும். "இயன்ற அளவில்" என்பதை மனம்போல் குறைத்துக்கொள்ள இயலாது. ஆபத்து எவ்வளவு கொடியது, அதைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது, தடுக்கும் வழி கிடைக்கிறதா, அதற்கு என்ன செலவாகும் ஆகியவற்றை எடைபோட்டே அது முடிவு செய்யப்படும்.

அப்பிரிவின்படி, கருவியை வழங்குவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கும் சேர்ந்தே வழங்கப்பட வேண்டும். கையுறைப் பெட்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்வது கடமையின் தொடக்கமே ஆகும். கையுறை எந்த மருந்தைத் தடுக்கும், எப்போது மாற்ற வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்பவற்றைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லுதல் வேண்டும். இன்று தோட்டங்களில் தமிழர் மட்டுமன்றி இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். விளங்காத மொழியில் தரப்பட்ட எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

அடுத்து, செலவைப் பற்றிய கேள்வி. இதற்குச் சட்டத்தின் 26ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றி விடை கூறுகிறது. சட்டத்தை நிறைவேற்றும் பொருட்டுச் செய்யப்படும் எதற்கும், வழங்கப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது. ஆகவே, காலணிக்கென்றும் தலைக்கவசத்துக்கென்றும் சம்பளத்தில் பிடித்தம் செய்வது முறையன்று. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1981இல் நிறைவேற்றிய 155ஆம் எண் உடன்படிக்கையும், பாதுகாப்பு நடவடிக்கைகளால் தொழிலாளிக்கு எவ்விதச் செலவும் நேரலாகாது என்றே விதிக்கிறது.

குத்தகைத் தொழிலாளர்களின் நிலை என்ன என்று சிலர் வினவலாம். பல தோட்டங்களில் மருந்தடிப்பும் குலை வெட்டும் குத்தகைக்கு விடப்படுகின்றன. "அவர்கள் குத்தகையாளரின் ஆட்கள்" என்று தோட்ட நிர்வாகம் ஒதுங்கிவிட இயலாது. 15ஆம் பிரிவே, தன் கட்டுப்பாட்டில் உள்ளவற்றைப் பொறுத்தவரை, குத்தகையாளரையும் அவருடைய ஆட்களையும் நிர்வாகத்தின் பொறுப்பில் சேர்க்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையைக் குத்தகைக்கு விடுவோரின் கடமையைத் தனிப் பிரிவாகவே வகுத்துள்ளது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்து வேலை வாங்கும் சிறு முதலாளியும், பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்கக் கடமைப்படாதவராயின், தம் தொழிலாளர்களுள் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமித்தல் வேண்டும்.

தொழிலாளியின் கடமை

கடமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. 24ஆம் பிரிவு தொழிலாளிக்கும் நான்கு கடமைகளை விதிக்கிறது. தம் பாதுகாப்பிலும் தம் செயலால் பாதிக்கப்படக்கூடிய பிறரின் பாதுகாப்பிலும் கருத்தாயிருத்தல், முதலாளியோடு ஒத்துழைத்தல், முதலாளி வழங்கிய தற்காப்புச் சாதனங்களை எந்நேரமும் அணிதல், பாதுகாப்புக்கான அறிவுறுத்தல்களைப் பின்பற்றுதல். 25ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட எதையும் வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ சிதைத்தலும் தவறாகப் பயன்படுத்துதலும் குற்றமாகும். காற்றுப் புகட்டும் என்று காலணியின் முனையை வெட்டிக்கொள்வதும், மூச்சு முட்டுகிறதென்று முகமூடியின் வடிகட்டியைக் கழற்றி எறிவதும் இவ்வகையைச் சாரும்.

இங்கே ஒரு சொல்லை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். "முதலாளி வழங்கிய" சாதனத்தை அணிவதே தொழிலாளியின் கடமை. வழங்கப்படாததை அணியவில்லை என்று எவரையும் குறைகூற இயலாது. முதற்கடமை நிறைவேறிய பின்னரே இரண்டாம் கடமை பிறக்கிறது. தண்டனையும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. 24ஆம் பிரிவை மீறும் தொழிலாளிக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 15ஆம் பிரிவை மீறும் முதலாளிக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலையின் முறையை வகுக்கும் அதிகாரம் யாரிடம் மிகுதியாக உள்ளதோ அவரிடமே பொறுப்பும் மிகுதி என்பது இதனால் விளங்கும்.

புல்மருந்து கற்பித்த பாடம்

கவசத்தின் பயனையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி ஒன்று நம் தோட்ட வாழ்விலேயே உண்டு. 'கிராமோக்ஸோன்' என்ற பெயரில் மூத்த தொழிலாளர்கள் நன்கறிந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதையே அது.

ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பல்லாண்டுக் காலம் பாராகுவாட் பரவலாகப் பயன்பட்டது. அதை முதுகில் சுமந்து அடித்தவர்களுள் மிகப் பலர் பெண்கள். விழுங்கினால் இம்மருந்து நுரையீரலைச் சிதைத்து உயிரைப் போக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. நீர் கலவாத மருந்து தோலிற் பட்டால் புண்ணாகும். நகம் கறுத்துக் கழன்றுவிடும். கண்ணிற் பட்டால் பார்வை கெடும். தெளிப்பின் நுண்துளியால் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். காயம்பட்ட தோல் வழியே அது உடலுக்குள்ளும் புகும்.

"முறைப்படி கவசம் அணிந்தால் தீங்கில்லை" என்பதே மருந்தை ஆதரித்தோர் கூறிய வாதம். எதிர்த்தோர் கேட்ட கேள்வி எளியது: முழங்கால் அளவு காலணி, நீண்ட கையுறை, முகமூடி, கண்ணாடி, மேலங்கி ஆகிய அனைத்தையும் அணிந்து, நிறைந்த தெளிப்பானைச் சுமந்துகொண்டு, இந்த வெப்பத்திலும் புழுக்கத்திலும் மேடுபள்ளமான தோட்டத்தில் நாள்தோறும் நடப்பது மனித உடலுக்கு இயலுமா? மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைத் தெனகானித்தா போன்ற அமைப்புகள் ஆராய்ந்து வெளியிட்டன. 2002 ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க அரசு முடிவு செய்தது. 2006 நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அளிக்கப்பட்ட அனுமதியை 2007இல் அங்குள்ள நீதிமன்றம் இரத்துச் செய்தது. இறுதியில், 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

கொடிய நஞ்சை மனிதர் கையில் கொடுத்துவிட்டுக் கவசத்தின்மேல் முழுப் பாரத்தையும் சுமத்தலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். பாராகுவாட் போய்விட்டது; ஆனால் களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் போய்விடவில்லை. ஆகவே பாடமும் பழையதாகிவிடவில்லை.

கவசம் கடைசி அரண்

கோட்டைக்கு அகழியும் மதிலும் வாயிற்காவலும் உண்டு. வீரன் மார்பில் அணியும் கவசம், இவையெல்லாம் கடந்து பகைவன் வந்தபோது உதவுவது. தொழிலிடத்திலும் அப்படியே. உடல்நலத்துக்குத் தீங்கான இரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் இவ்வரிசையையே வற்புறுத்துகின்றன. முதலில் ஆபத்தான பொருளை அறவே விலக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிடில் ஆபத்துக் குறைந்த பொருளை நாட வேண்டும். பின்னர் வேலை முறையையும் கருவியையும் திருத்த வேண்டும். இவையெல்லாம் போதாதபோதே தற்காப்புச் சாதனம் துணைக்கு வரும்.

தோட்டத்தில் இதற்கு வழிகள் உண்டு. வரிசைகளுக்கிடையே நிலத்தை மூடும் கொடிப்பயிரை வளர்த்தால் களை குறையும். களை குறைந்தால் மருந்து குறையும். புல்வெட்டும் இயந்திரம் செல்லக்கூடிய இடத்தில் மருந்தே தேவைப்படாது. ஒழுகும் தெளிப்பானைச் செப்பனிட்டால் முதுகு நனையாது. காற்று அடங்கிய காலை வேளையில் மருந்தடித்து, வெயில் ஏறுமுன் முடித்து, நிழலும் குடிநீரும் ஓய்வும் தந்தால், கவசம் அணிவது தாங்கக்கூடியதாகும். "அவர்கள் அணிவதில்லை" என்று கூறும் நிர்வாகம், அணியக்கூடிய நிலையை உண்டாக்கியிருக்கிறோமா என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

எந்த வேலைக்கு எது?

மருந்து கலப்பவரும் மருந்தடிப்பவரும் கவனிக்க வேண்டியவை: நீர் கலவாத மருந்தைக் கையாளும் நேரமே மிகக் கொடிய நேரம். இரசாயனத்தைத் தடுக்கும் கையுறை, முகத்தை மறைக்கும் காப்பு, மேலங்கி, ரப்பர்க் காலணி ஆகியவை அப்போது கட்டாயம் தேவை. துணிக் கையுறையும் தோற் கையுறையும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் அவை பயன்படா. மூக்கில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால், மருந்தை மூக்கருகே வைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். தூசிக்கான முகமூடி ஆவியைத் தடுக்காது. மருந்தைக் கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே விடுதல் வேண்டும். மேல்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்குள் இருத்தல் வேண்டும். காற்சட்டையின் நுனி எப்போதும் காலணிக்கு வெளியே இருக்கட்டும். இல்லையேல் வழியும் மருந்து காலணிக்குள் தேங்கும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழுவிய பின்னரே கழற்ற வேண்டும். மருந்து பட்ட உடையோடு வீடு செல்லலாகாது. குழந்தைகளின் துணியோடு அதைத் துவைக்கவும் ஆகாது. குளிக்கவும் உடை மாற்றவும் வேலையிடத்திலேயே வசதி வேண்டும். மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளில் உள்ள நிறப்பட்டை அதன் நச்சுத்தன்மையைக் காட்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அதன் பொருளைச் சொல்லித் தருதல் மேற்பார்வையாளரின் பொறுப்பு.

குலை வெட்டுவோர் கவனிக்க வேண்டியவை: உயரத்திலிருந்து விழும் குலையும் முள்மட்டையும் உயிரைப் போக்கவல்லவை. தலைக்கவசமும் உறுதியான காலணியும் கண்ணுக்குக் காப்பும் தேவை. பலத்த அடிபட்ட தலைக்கவசத்தில் வெளியே விரிசல் தெரியாவிடினும் அதை மாற்றிவிட வேண்டும். அரிவாளைத் தூக்கிச் செல்லும்போது அதன் வாய்க்கு உறையிட வேண்டும். மின்கம்பிக்கு அருகில் உலோகக் கழியை உயர்த்துவோரை எந்தக் கவசமும் காப்பாற்றாது. அங்கே வெட்டுவதையே தவிர்த்து, நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பு.

இன்னும் ரப்பர் சீவும் இடங்களில், பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் கல்லுடைக்கும் வேலையிலும், ஆலை வேலையிலும் உள்ள நம்மவர்க்குத் தூசியும் இரைச்சலும் கண்ணுக்குத் தெரியாத பகைகள். இரைச்சல் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிமுறைகள், நாளொன்றுக்குச் சராசரி 85 டெசிபலை எல்லையாக வகுத்துள்ளன. காது ஒரே நாளில் கேட்காமற் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கெடுகிறது. கெட்டபின் திரும்புவதில்லை.

குறை இருப்பின் என்ன செய்வது?

நாற்பது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள வேலையிடத்தில் பாதுகாப்பு, உடல்நலக் குழு அமைத்தல் சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். கையுறை கிழிந்தது, காலணி அளவு பொருந்தவில்லை என்பன போன்ற குறைகளைப் பெரட்டுக்களத்தில் முணுமுணுப்பதோடு விட்டுவிடாமல் அக்குழுவில் எடுத்துரைப்பதே முறை. பெண்களின் கைக்கும் காலுக்கும் ஆண்களின் அளவு பொருந்தாது என்பதைச் சொல்லவும் அங்கே ஒரு பெண் பிரதிநிதி இருத்தல் நலம்.

பாதுகாப்புக் குறையை எடுத்துக்கூறியதற்காக எவரையும் வேலை நீக்கம் செய்வதையும் வேறுபடுத்தி நடத்துவதையும் 27ஆம் பிரிவு தடைசெய்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிடில், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குப் புதிய 26ஏ பிரிவு அளிக்கிறது. தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நல இலாகாவின் மாநில அலுவலகம் ஈப்போவில் உள்ளது. தோட்டத்துக்குள் தீராத குறையை அங்கே கொண்டு செல்லலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் அதை மறைத்தலாகாது. நான்கு நாள்களுக்கு மேல் வேலைக்கு வர இயலாதபடி காயம்பட்டால், முதலாளி அதை அவ்விலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். மருந்தினால் ஏற்படும் நச்சுப் பாதிப்பும் அவ்வாறே தெரிவிக்கப்பட வேண்டியது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோவின் வேலைக்காயப் பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. காயத்தை அன்றே பதிவு செய்தால்தான் பின்னர் உரிமை கோருவது எளிதாகும். "சிறு காயம்தானே" என்று விட்டுவிடுவது பின்னர் பெருந்துன்பமாக முடியலாம்.

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பர். உழைப்பவரின் உடலே ஒரு குடும்பத்தின் சுவர். அவருடைய கண்ணும் கையும் நுரையீரலும் கெட்டபின் எந்த இழப்பீடும் அவற்றைத் திருப்பித் தருவதில்லை. முந்தைய தலைமுறையினர் வெறுங்காலோடு தோட்டம் நடந்தனர். அவர்களுக்குக் கவசமும் இல்லை, அதைக் கேட்கும் உரிமையும் இல்லை. இன்று அவ்விரண்டும் சட்டத்தில் இருக்கின்றன.

நிர்வாகத்தினர் தரமான சாதனத்தை இலவசமாகத் தந்து, பழுதடைந்ததை மாற்றி, அணியக்கூடிய நிலையையும் உண்டாக்கட்டும். மண்டோரும் மேற்பார்வையாளரும் தாமே அணிந்து வழிகாட்டட்டும். தொழிலாளர் பெருமக்கள் கொடுத்ததை முறையாக அணிவதோடு, கொடுக்கப்படாததைத் தயங்காது கேட்கட்டும். நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் தத்தம் கையுறையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் ஓட்டை இருப்பின், அதை மாற்றிக் கேட்பதே அன்றைய முதல் வேலையாக இருக்கட்டும்.